தாய்மாமன் மூக்கு

எங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் ஒரே மூக்கு வந்தது ஒரு திங்கட்கிழமை காலையில்தான், ஆனால் அன்றைக்குக் கரண்டும் போயிருந்ததால் முதலில் நாங்கள் கரண்டைப் பற்றித்தான் பேசினோம். இன்வெர்ட்டர் ஏன் எடுக்கவில்லை, லைன்மேனுக்கு யார் போன் போடுவது, போட்டால் அவர் எடுப்பாரா என்று பேசிப் பேசி, புழுக்கம் தாங்காமல் ஷபானா போய்த் தெருப்பக்கத்து ஜன்னலைத் திறந்தாள், வெளிச்சம் உள்ளே விழுந்தது, அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன்.

"ஏய் பேச்சி, என்னடி உன் மூக்கு இப்படி இருக்கு?"

"என்னுத விடு, நீ முதல்ல உன்னுதத் தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்தாள். நானும் தொட்டுப் பார்த்தேன். நீளமாக இறங்கி, நடுவில் ஒரு மேடு தட்டி, நுனியில் லேசாக இடதுபக்கம் சாய்ந்து, வலதுபுறம் மிளகு அளவுக்கு ஒரு மச்சம் வைத்த மூக்கு. அந்த மூக்கு எங்களுக்கு நன்றாகத் தெரிந்த மூக்குதான். எங்கள் முதலாளி சேகருடைய மூக்கு.

கம்பெனியின் பெயர் வண்டிவா. ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டினால் ரோட்டோரம் ஒரு டயர் கடை வரும், அதற்கு மேல் மாடி. தோட்டத்தில் முருங்கையை மூட்டை கட்டி வைத்துக்கொண்டோ வாழைத்தாரை வெட்டி அடுக்கிவைத்துக்கொண்டோ மண்டிக்குக் கொண்டுபோக வண்டி கிடைக்காமல் நிற்கிறவர்கள் செல்போனில் ஒரு தட்டுத் தட்டினால், பக்கத்தில் எங்கேயாவது சும்மா நிற்கிற குட்டியானை வண்டியைப் பார்த்து அனுப்பி வைப்பதுதான் எங்கள் தொழில். தட்டத் தெரியாதவர்கள் போன் பண்ணுவார்கள். அந்தப் போனை எடுக்கிற கூட்டத்தில் நானும் ஷபானாவும் இருந்தோம். டிரைவர்களை மேய்ப்பது எட்வின் அண்ணன்.

சேகர் பெங்களூரில் நல்ல வேலையை விட்டுவிட்டு வந்து இதை ஆரம்பித்தவர். கெட்ட மனுஷர் இல்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒருநாளும் ஒருத்தரையும் திட்டியதில்லை. "இங்க சார், மேடம் எல்லாம் கிடையாது, பேர் சொல்லியே கூப்பிடுங்க" என்பார், நாங்களும் "சரிங்க சேகர் சார்" என்போம். திங்கட்கிழமைதோறும் எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்துக் கை கோக்கச் சொல்லி, "நாம கம்பெனி இல்ல, நாம ஒரே குடும்பம்" என்று சொல்வார், நாங்கள் திருப்பிச் சொல்ல வேண்டும், சத்தம் போதவில்லை என்றால் இன்னொருதரம் சொல்ல வேண்டும். சாயத் தொட்டியில் நூலைத் திரும்பத் திரும்ப முக்கினால் எப்படியும் ஏறத்தானே செய்யும், அப்படித்தான் ஏறியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். வேறு காரணம் யாரும் தேடவும் இல்லை.

தேடுவதற்கு நேரம் ஏது? ஆபீஸ் ஆறு மணிக்கு முடிய வேண்டும். ஆறு மணிக்குக் கைப்பையை எடுத்தால் சேகர் சிரித்த முகமாக வந்து நிற்பார். "என்ன பேச்சி, வீட்டுல எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது ஒருத்தர் மட்டும் பாதியில எந்திரிச்சுப் போவோமா?" என்பார். திட்டினால் திருப்பிப் பேசலாம், சிரித்துக்கொண்டு கேட்கிறவரிடம் என்ன சொல்வது? பையைக் கீழே வைத்துவிட்டு அடுத்த போனை எடுப்பேன். வீட்டுக்குப் போய்ச் சேரும்போது என் மகள் பொன்மதி தூங்கியிருப்பாள். காலையில் நான் கிளம்பும்போது கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வருவாள், டாட்டா காட்டுவேன், அவளும் காட்டுவாள். பேச்சு வந்தபோது எனக்கு அவள் வைத்த பெயரே டாட்டா. என் மாமியாரைத்தான் அம்மா என்று கூப்பிட்டாள்.

"பேசாம வேலைய விட்டுரேன்" என்று என் வீட்டுக்காரர் தங்கப்பாண்டி சொல்வார். அவர் கரண்டு எடுக்கிற காத்தாடிக் கம்பெனியில் ஏணி ஏறுகிற வேலை பார்க்கிறவர், எதையும் சட்டென்று இறங்கிவந்து சொல்லிவிடுவார். ஆனால் எனக்கு அந்த வேலை பிடிக்கும். "தாயி, நல்ல நேரத்துல வண்டி அனுப்புன" என்று யாரோ ஒரு தோட்டக்காரர் சொல்கிறபோது வருகிற சந்தோஷம் பிடிக்கும். எனக்கு வேலையும் வேண்டும், முழித்திருக்கிற பிள்ளையும் வேண்டும். இரண்டில் எது என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும்.

மூக்கு விஷயத்துக்கு வருகிறேன். வாசலில் முகத்தைக் காட்டினால் பெயர் சொல்லி உள்ளே விடுகிற மிஷின் ஒன்று உண்டு, அது எங்கள் எல்லோரையும் "வெல்கம் சேகர்" என்றது. யார் தாமதமாக வந்தாலும் சேகர்தான் தாமதம் என்று கணக்கில் ஏற, அந்த மாதம் தாமதமாக வந்ததற்கான எச்சரிக்கை சேகருக்கே போய்ச் சேர்ந்தது. எட்வின் அண்ணனுக்கு எப்போதும் வழுக்கி விழும் கண்ணாடி இப்போது மூக்கு மேட்டில் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டதில் அவருக்குப் பரம திருப்தி. ஷபானா மூக்குத்தியைக் கழற்றிப் பர்ஸுக்குள் போட்டுவிட்டு, "ஓட்டையே இல்லாத மூக்கா வந்திருக்கே, யார்ட்ட மாத்துறது?" என்று கேட்டுக்கொண்டு அடுத்த போனை எடுத்தாள். கம்ப்யூட்டர் பார்க்கிற ஜெகனும் கணக்கு எழுதுகிற வினோதினியும்தான் பாவம், கல்யாணம் பண்ணிக்கொள்வதாக வீட்டில் சொல்லி அப்போதுதான் சம்மதம் வாங்கியிருந்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து விசும்பிக்கொண்டு நின்றார்கள்.

"அழுகாத தம்பி, தங்கச்சி பாக்குது" என்றார் எட்வின் அண்ணன்.

ஊருக்குள் வேறு மாதிரிப் பேச்சு ஓடியது. சேகருடைய அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், தேனி, கம்பம், உசிலம்பட்டி என்று ஓடாத ரூட் கிடையாது. "என்ன கண்டக்டரே, எல்லா ஸ்டாப்புலயும் நின்னுதான் வந்தீகளோ?" என்று டீக்கடையில் யாரோ கேட்க, மனுஷர் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனவர் அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை. வீட்டில் அவருக்குச் சோறு போடுகிற கை நின்றுபோனது என்றும் கேள்விப்பட்டோம். கடைசியில் என் மாமியார்தான் தண்ணீர்க் குழாயடியில் வைத்து அதை முடித்துவைத்தாள். "ஏண்டி, எங்க சம்பந்தியம்மா பஸ்ஸப் பாத்தாலே வாந்தி எடுக்கிறவ. இந்த வயசு வரைக்கும் அவ கண்டக்டர்ட்ட டிக்கெட்டே வாங்குனதில்ல. இது ஆபீஸ்ல ஒட்டுன மூக்கு, போயி வேலையப் பாருங்கடி" என்றாள். அதற்குப் பிறகு ஊர் அமைதியாகிவிட்டது. சந்தையில் மூக்கைப் பார்த்து "வண்டிவாவா?" என்று கேட்டு, தக்காளியில் ஒரு கை கூடுதலாக அள்ளிப் போட்டார்கள். பழகிவிட்டது. கொஞ்ச நாளில் மற்றவர்கள் மூக்கெல்லாம்தான் எங்களுக்குச் சின்னதாகத் தெரிந்தது.

எல்லோரையும் விடச் சந்தோஷப்பட்டவர் சேகர்தான். "பாத்தீங்களா, எந்தக் கம்பெனியில இப்படி நடக்கும்? இதுதான் கல்ச்சர்!" என்று எல்லோரையும் பக்கவாட்டில் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார். முதலீடு போடுகிறவர்கள் சென்னையிலிருந்து பார்க்க வருகிறார்கள் என்றும், அவர்கள் வருகிற புதன்கிழமை ஒரு மூக்குக்கூடக் குறையக் கூடாது என்றும் சொன்னார்.

அந்தப் புதன்கிழமையில்தான் என் கதை மாட்டிக்கொண்டது.

பொன்மதிக்கு ஒரு வயது தாண்டியும் காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும், நானோ கூடப் பிறந்தவர்கள் இல்லாத ஒற்றைப் பிள்ளை. ஒன்றுவிட்ட முறையில் யாரையாவது கூப்பிடலாம் என்றால் அதற்கும் ஆள் இல்லை. அதைச் சொல்லிச் சொல்லியே தேதி தள்ளிக்கொண்டு போனது, வீட்டுக்காரர் சொந்தத்தில் "மாமன் இல்லாத வீட்டுல பொண்ணு எடுத்தா இப்படித்தான்" என்று முணுமுணுப்பும் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்த மாமியார் திடீரென்று கையை நிறுத்தி என் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஏன்த்தா, இதே மூக்கு உள்ள ஆம்பள உனக்கு என்ன முறை வேணும்?"

"என்ன அத்தே கேக்குறீக?"

"கூடப் பிறந்த முறைதான வேணும்? பெறகு எதுக்குடி பிள்ளைக்குக் காது குத்தாம வச்சிருக்கோம்?"

உடனே நாள் பார்த்தார்கள். வளர்பிறை முகூர்த்தம், குலதெய்வம் சோணைச்சாமி கோயிலில் ஆசாரிக்கு ஒழிந்த நாள், எல்லாம் கூடி வந்தது அந்தப் புதன்கிழமைதான். அதை விட்டால் ஆடி பிறந்துவிடும்.

நான் போய் லீவு கேட்டேன். "சார், புதன்கிழமை பாப்பாவுக்குக் காது குத்து."

"புதன்கிழமையா? பேச்சி, குடும்பத்துல முக்கியமான நாள் அது. நீங்க இல்லாம எப்படி?"

"இதுவும் குடும்பத்து விசேஷம்தான சார்?"

"அடுத்த மாசம் வச்சுக்கோங்களேன். காது எங்க போயிடப் போகுது?" என்று சிரித்தார்.

வீட்டில் சொன்னேன். தங்கப்பாண்டி தட்டை நகர்த்தி வைத்தார். "பிள்ளைக்கு நீ யாருன்னே தெரியல. காது குத்துக்கும் நீ இல்லேன்னா எதுக்கு அந்த வேல? எழுதிக் குடுத்துட்டு வா." அவர் சொன்னதில் தப்பும் இல்லை, அதுதான் என்னைக் குத்தியது. டிபன் பாக்ஸைத் தேய்த்துக்கொண்டே யோசித்தேன். முதலாளியிடம் லீவு கேட்டால்தானே இல்லை என்பார், அண்ணனிடம் யாராவது லீவு கேட்பார்களா? அழைப்புதானே வைப்பார்கள்?

மறுநாள் வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம், பூ வைத்த தட்டோடு சேகர் வீட்டுக்குப் போனேன். சேகர் ஆபீஸுக்குப் போயிருந்தார். அவர் மனைவி சுகந்தி கதவைத் திறந்து, என் மூக்கைப் பார்த்து ஒரு நொடி வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள், புருஷன்தான் சீக்கிரம் வந்துவிட்டாரோ என்று. அவர்களுடைய மகள் ரித்திகா ஓடிவந்து என் முகத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"அம்மா, அப்பா மூக்கு!" என்று கையை நீட்டினாள். நான் குனிந்தேன். மச்சத்தை விரலால் அமுக்கி, "இது அழியாதா?" என்று கேட்டாள். அப்பா முகத்தை அவ்வளவு பக்கத்தில் பார்த்து நாளாகியிருக்கும் போல.

"மதினி, பிள்ளைக்குக் காது குத்து. அண்ணன் மடி வேணும்" என்று தட்டை நீட்டினேன்.

சுகந்தி தட்டைப் பார்த்தாள், வாங்கவில்லை. "தெரிஞ்சுதான் நீட்டுறியா? தட்ட வாங்கிட்டா அப்புறம் மாத்திப் பேச முடியாது, பாத்துக்கோ."

"தெரிஞ்சுதான் மதினி. அன்னைக்குச் சென்னையில இருந்து ஆள் வர்றாங்கன்னும் தெரியும்."

அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டாள். "எனக்கு நாத்தனா இல்லையேன்னு இத்தன வருஷம் நிம்மதியா இருந்தேன், அதுலயும் மண்ணப் போட்டுட்ட" என்றாள். "காப்பி குடிச்சிட்டுப் போ, இல்லேன்னா என்னைக் குறை சொல்லுவ."

அடுத்த நாள் காலையில் சேகர் என் மேஜைக்கு வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை, தூக்கமும் இல்லை. "என்ன பேச்சி பண்ணி வச்சிருக்கீங்க? சுகந்தி சீர் சாமான் வாங்கப் போயிட்டா. எங்கப்பா மேளத்துக்குச் சொல்லிட்டாரு."

"ஒரே குடும்பம்னு நீங்க சொன்னதுதாண்ணே" என்றேன். அவர் முகத்துக்கு நேரே சார் போய் அண்ணன் வந்தது அன்றைக்குத்தான்.

அவர் மூக்கைத் தடவிக்கொண்டார். "அவங்க மத்தியானம்தான் வர்றாங்க. காலையில வந்து அரை மணி நேரத்துல கிளம்பிடுவேன்."

"சேகர், அப்ப நானும் மாமன்தான?" என்று பின்னால் இருந்து எட்வின் அண்ணன் கேட்டார். "என் மூக்கு மட்டும் வாடகைக்கா எடுத்தது?" அதற்குப் பிறகு யாரை விடுவது? ஜெகன் மாமன், ஷபானா பெரியம்மா, வினோதினி சித்தி. போன்களையெல்லாம் அவரவர் செல்லுக்குத் திருப்பிவிட்டு, புதன்கிழமை காலையில் வண்டிவாவுக்குப் பூட்டுப் போட்டோம்.

நாலைந்து குட்டியானை வண்டிகள் வாழைமரம் கட்டி ஹாரன் அடித்துக்கொண்டு வர, முன்னால் மேளம், மேளத்துக்கும் முன்னால் நல்ல பெயரைத் திரும்பப் பெற்ற கண்டக்டர் அய்யா துண்டை உதறி உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடக்க, பின்னால் பழத்தட்டும் பட்டுப்பாவாடைத் தட்டும் தலையில் சுமந்த வரிசை, அந்த வரிசையில் ஒவ்வொரு முகத்திலும் அதே மேடு, அதே சாய்வு, அதே மச்சம். எங்கள் சொந்தக்காரர்கள் வாயை மூடிக்கொண்டு எழுந்து வழிவிட்டார்கள். "மாமன் இல்ல மாமன் இல்லன்னீக, மந்தையே வருது பாருங்க" என்று என் மாமியார் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

மொட்டை அடித்து, சந்தனம் பூசி, பொன்மதியைச் சேகர் மடியில் உட்கார வைத்தோம். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு, காது குத்திய பிள்ளை மடியை விட்டுத் தானாக இறங்குகிற வரைக்கும் மாமன் எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் புண் ஆறாது என்பார்கள். பெங்களூரில் இருந்துவிட்டு வந்ததில் அவருக்கு அது மறந்துபோயிருந்தது. ஆசாரி குத்தினார், பிள்ளை கோயில் அதிரக் கத்தினாள், கத்திக்கொண்டே கையை வீசினாள், கையில் அகப்பட்டது மூக்கு. அதைப் பிடித்துக்கொண்டாள். இரவில் தூக்கத்தில் என் முகத்தில் அவள் பிடித்துக்கொண்டு படுக்கிற அதே மூக்கல்லவா அது. மெதுவாக அழுகை இறங்கியது, விசும்பல் ஆனது, மூக்கைப் பிடித்தபடியே அவர் நெஞ்சில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

சேகர் எழுந்திருக்கப் பார்த்தார். "ம்ஹும்" என்று சுற்றி நின்ற அத்தனை பேரும் சொன்னோம்.

சட்டைப்பையில் போன் அடித்தது, அவர் கை பிள்ளையின் தலைக்கு அடியில் இருந்தது. எட்வின் அண்ணன் எடுத்து, "சரி, சரி" என்று வைத்தார். "சின்னமனூர் லோடு ஏறிடுச்சு, நீங்க ஆடாம உக்காருங்க." ஷபானா வேப்பமரத்தடியில் நின்று போன் பேசி வண்டி அனுப்பினாள், ஜெகன் ஒரு கையில் வடையோடு ஏதோ கோளாறைச் சரி பண்ணினான். மத்தியானம் சென்னைக்காரர்கள் வந்தார்கள். பூட்டைப் பார்த்து நின்றவர்களை டயர் கடைக்காரர் ஒரு குட்டியானையில் ஏற்றி அனுப்பியிருந்தார். கூலிங்கிளாஸ் போட்ட ஒரு அம்மாவும் இரண்டு பேரும் புழுதியோடு இறங்கினார்கள்.

"சேகர்!" என்று அந்த அம்மா ஆரம்பித்தாள்.

"சத்தம் போடாதம்மா, பிள்ள தூங்குது. இலை போட்டாச்சு, வந்து உக்காரு" என்று என் மாமியார் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். அந்த அம்மா மூக்குகளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, கறிக்குழம்பில் என்ன மசாலா என்று மட்டும் இரண்டு தரம் கேட்டாள்.

மடியில் கனம் ஏற ஏறச் சேகர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். தூங்குகிற பிள்ளை எவ்வளவு கனக்கும் என்பது தூக்கியவர்களுக்குத்தான் தெரியும். பக்கத்தில் விசிறிக்கொண்டிருந்த சுகந்தியிடம் மெதுவாகக் கேட்டார்.

"ரித்திகா எப்ப தூங்குவா?"

"நீங்க வர்றதுக்கு முன்னாடி."

அவள் கோபமாகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "பேச்சி, இவ?"

"நான் போறதுக்கு முன்னாடிண்ணே."

சேகர் தூணில் தலையைச் சாய்த்தார். எப்போதிலிருந்து சேர்ந்த தூக்கமோ, கொஞ்ச நேரத்தில் அவரும் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டார். சென்னைக்காரர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள்.

அடுத்த திங்கட்கிழமை வட்டமாக நிற்கச் சொல்லவில்லை. சேகர் மேஜை ஓரத்தில் உட்கார்ந்து, "சாயங்காலம் வர்ற போனுக்கு ரெண்டு பேர் மத்தியானமா வந்து பாத்துக்கட்டும், முறை போட்டு நீங்களே பேசிக்கோங்க. மத்தவங்க ஆறு மணிக்குக் கிளம்புங்க, நானும் கிளம்புறேன்" என்றார்.

"அப்ப குடும்பம்?" என்று எட்வின் அண்ணன் வம்புக்குக் கேட்டார்.

"குடும்பம் வீட்டுல இருக்கு எட்வின். இது ஆபீஸ்."

சளி இறங்குகிற மாதிரி அந்த வாரத்திலேயே மூக்குகள் ஒவ்வொன்றாக இறங்கிப் போயின. ஷபானா மூக்குத்தியைத் தேடி எடுத்தாள், ஜெகனும் வினோதினியும் பத்திரிகை அடிக்கக் கொடுத்தார்கள், எட்வின் அண்ணன் மட்டும் கண்ணாடி வழுக்குகிறது என்று வருத்தப்பட்டார். கம்பெனி விழவில்லை, முருங்கை மண்டிக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது, சென்னைக்காரர்களும் இன்னொருதரம் வந்து பேசிவிட்டுப் போனார்கள். மூக்கு போனாலும் மடியில் வைத்தது வைத்ததுதான், தீபாவளிக்குப் பாவாடை சட்டை மாமன் எடுக்கணும் என்று சுகந்தி மதினி இப்போதே சொல்லிவிட்டாள். ஆபீஸுக்குள் அவர் எனக்குச் சார், வெளியே அண்ணன்.

அந்தத் திங்கட்கிழமை நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது வெயில் இன்னும் மஞ்சளாகக் கிடந்தது. வீட்டுக்குள் பொன்மதி முழித்திருந்தாள். துவரம்பருப்பு டப்பாவைக் கவிழ்த்து நடுவில் உட்கார்ந்திருந்தவள், என்னை ஒருதரம் பார்த்துவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தாள். கையைக் கழுவிச் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்தேன். முதல் வாயை வாங்கி என் சுடிதாரில் துப்பினாள், இரண்டாவது வாய்க்குக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள், இழுத்துக்கொண்டு வந்தால் அறை முழுக்க ஓட்டம், பருப்பில் கால் வழுக்கி நான் உட்கார்ந்தே விட்டேன், வேர்த்து விறுவிறுத்து, "அடி வாங்கப் போற பாரு!" என்று கத்தினேன்.

வாசலில் பூக் கட்டிக்கொண்டிருந்த மாமியார் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "இதுக்குத்தான் அப்படி அடிச்சுப் பிடிச்சு ஓடி வந்தியாக்கும்?"

"ஆமா அத்தே, இதுக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டே, கிண்ணத்தோடு எழுந்து கட்டிலின் அந்தப் பக்கம் போய் மறித்தேன்.